சேர்ந்து நின்றால் போதுமா?

ஆசிரியருக்கு,

கலவரம் ஓய்ந்ததும் அமைதிக் குழு கூடுகிறது. எல்லாத் தரப்புப் பெரியவர்களும் கைகோத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அவரவர் தெரு, அவரவர் பள்ளி. இதையா நல்லிணக்கம் என்கிறோம்?

வெறும் சந்திப்பால் பகை குறைந்துவிடாது என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொல்லிவிட்டார். சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, அதற்காகக் கூடி உழைப்பது, நிர்வாகத்தின் ஆதரவு எல்லாம் வேண்டும். முதலாவதுதான் கடினம். ஒரு தரப்பு எப்போதும் கொடுப்பதாகவும் மற்றது கைநீட்டுவதாகவுமே இருந்தால், நூறு முறை சந்தித்தாலும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

வட அயர்லாந்தில் 1998-ல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனாலும் பெல்ஃபாஸ்ட்டில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் குடியிருப்புகளைப் பிரிக்கும் சுவர்கள் பல இன்னும் நிற்கின்றன. அதே நகரில், வன்முறை ஓயாத 1981-லேயே, இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க லாகன் கல்லூரி என்ற பள்ளியைத் தொடங்கியவர்கள் பெற்றோர்கள். (அரசு பணம் தந்தது பிற்பாடுதான்!) தொடக்கத்தில் மாணவர்கள் வெறும் 28 பேர்.

அமைதிக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் புகைப்படக்காரரை அழைக்க வேண்டாம்; பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்