வரப்பைக் கருக்கினால் வயல் புகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா, தாளடிப் பயிர் தூர் கட்டி நிற்கும் நாள்களில் ‘புகையான் தாக்குதல், விவசாயிகள் கவலை’ என்று செய்தி வருகிறது. புகையான் என்பது நெல்லின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி. செய்தியோடு மருந்தின் பெயரும், ஏக்கருக்கு எத்தனை மில்லி என்ற கணக்கும் வந்துவிடும். எந்த நிலையில் மருந்தே வேண்டாம் என்பது மட்டும் அச்சில் ஏறுவதில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே அது இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது நெல்லின் ஒரு கிளைத் தண்டுக்கு, 1 புகையான் வந்தால் மருந்தடிக்கலாம். குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்துக்கு) 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். 15 தூர் வெடித்த குத்து என்றால், ஒரு சிலந்தி இருப்பதால் 15 என்ற வரம்பு 30 ஆகிவிடுகிறது. எண்ணுவதும் பெரிய வேலை இல்லை. வயலின் குறுக்கே நடந்து 20 குத்துகளைச் சாய்த்து, அடித்தூரில் தட்டினால் பூச்சி தண்ணீரில் விழும். பச்சை உடம்பும் கருப்புத் தலையுமாகத் துறுதுறுவென்று ஓடுவதைத் தத்துப்பூச்சிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அது மிரிட் நாவாய்ப்பூச்சி, புகையான் முட்டையை உறிஞ்சித் தின்பது. இந்த ஒரு தவறாலேயே வீணாக மருந்தடித்த வயல்கள் நிறைய.

சிலந்தி ஏன் இல்லாமல் போகிறது? நட்ட 20, 25-ஆம் நாளில் நாலு இலை சுருண்டதும் சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்தைத் தெளிக்கிறோம். சிலந்தியும் மிரிட் பூச்சியும் முதலில் சாகின்றன. புகையானோ முட்டையை இலையுறைக்குள் செருகி வைத்திருக்கும். மருந்து அதைத் தொடாது. ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு பொரிக்கும்போது அதைத் தின்ன ஆளில்லை. அந்த வயதில் இலைச்சுருட்டுப் புழு 10 சதவீத இலையைக் கெடுத்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கவே வேண்டும். அதற்குக் கீழே என்றால் பயிர் தானே ஈடுகட்டிக்கொள்ளும். இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு தடை செய்தது. பிறகு ஜாவா வயல்களில் நடந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: மட்கும் பொருள் உள்ள சேற்றில் நட்ட சில வாரங்களிலேயே கடிக்காத கொசுவினம் பெருகுகிறது, புகையான் வருமுன் சிலந்திக்கு அதுவே சோறு. தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது தழைச்சத்துக்கு மட்டும் என்று நினைப்பது பாதிக் கணக்குதான், அது மட்கி இந்தக் கொசுவினத்தையும் வளர்க்கும்.

இனி வரப்பு. களைக்கொல்லி அடித்துக் கருக்கிய வரப்பில் பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்குத் தேன் கிடையாது, சிலந்திக்கு ஒதுங்க இடம் கிடையாது. அண்டை வெட்டிச் சேறு பூசிய கையோடு, நடவு வாரத்திலேயே, வரப்பின் ஒரு பக்கம் மட்டும் அடிக்கு ஒரு குழியாக 2 விதை தட்டைப்பயறோ உளுந்தோ ஊன்றலாம். மறு பக்கம் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஊன்றியதெல்லாம் மிதிபட்டே போகும். உளுந்து 35, 40 நாளில் பூக்கும், நெல்லில் குருத்துப்பூச்சி முட்டையிடும் காலத்துக்கு அது சரியாக வந்து சேரும். ஏக்கருக்கு 2 சிசி டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்ற ஒட்டுண்ணிக் குளவியின் அட்டையை நட்ட 30, 37-ஆம் நாள்களில் கட்டுகிறவர்களுக்கும் பக்கத்தில் பூ இருப்பது பலம். ஐப்பசி அடைமழையில் தாழ்ந்த வரப்பு உளுந்து அழுகும். அங்கே செண்டுமல்லி நாற்று நடலாம்.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. தட்டைப்பயறில் அசுவினி அப்பும். பயந்து மருந்தடித்தால் எல்லாம் வீண், அந்த அசுவினி நெல்லுக்குத் தாவாது, பொறிவண்டைத்தான் கூட்டி வரும். அடுத்தது எலி. பூவுக்காக என்று வரப்பை அகலப்படுத்தினால் வளை தோண்டும். 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். வரப்புப் புல்லையும் கதிர் தள்ளுமுன் அரிவாளால் அறுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கதிர்நாவாய்ப்பூச்சி அதில் பெருகிப் பால் பிடிக்கும் நெல்லுக்கு வரும். பறவை தாங்கிகளும் அப்படித்தான்: பூச்சி தின்னும் கரிச்சான் உட்காரட்டும் என்று நட்டதைக் கதிர் வந்ததும் பிடுங்காவிட்டால் நெல் தின்னும் சில்லைகள் உட்காரும்.

தாய்லாந்து, சீனா, வியட்நாம் வயல்களில் நான்கு ஆண்டுகள் நெல்லைச் சுற்றித் தேன் தரும் செடிகள் வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பூச்சிமருந்து 70 சதவீதம் குறைந்து, மகசூல் 5 சதவீதம் கூடியது. இங்கே ஒரு தடை என்னவென்றால் பக்கத்து வயல்காரர். அரை ஏக்கர் வயலில் ஒருவர் மட்டும் செய்தால் காற்றில் வரும் தெளிப்பே பாதியைக் கெடுத்துவிடும். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்கள் சேர்ந்து செய்தால்தான் பலன் தெரியும். வேளாண் துறையும் விதையைத் தனித்தனி ஆளுக்குக் கொடுக்காமல் வாய்க்கால் வாரியாகக் கொடுக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புகையான் செய்தி போடும்போது, மருந்தளவுக்கு மேலே ‘சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம்’ என்ற வரியையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்,
மன்னார்குடி