சேலம் சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமார்களுக்கு, வணக்கம்.

பட்டறையில் வேலை பார்ப்பவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால் நம் ஊரில் சொல்லும் வைத்தியம் தெரிந்ததுதான்: "உடம்புச் சூடு, இளநீர் குடி." இரண்டு நாளில் ரத்தம் நின்றும் விடுகிறது. அங்கேதான் ஏமாந்து போகிறோம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வலியே இல்லாமல் ரத்தம் வரும், தானாக நிற்கும், சில மாதம் கழித்துத் திரும்பவும் வரும்.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. சாயத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வருவதை ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895லேயே சொல்லிவிட்டார். சாயம் செய்யப் பயன்பட்ட பென்சிடின் போன்ற ரசாயனங்கள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய், சிறுநீரோடு கலந்து, பையில் மணிக்கணக்கில் தங்குகின்றன. பென்சிடின் சாயங்களுக்கு 1990களிலேயே இங்கே தடை வந்துவிட்டது, சரி. ஆனால் நோய் தலைகாட்ட 20, 30 வருடம்கூட ஆகலாம். நம் சேலத்து அம்மாப்பேட்டை, குகைப் பகுதிகளில் இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் அந்தக் காலத்துச் சாயத்தில் வெறுங்கையை நனைத்தவர்கள். நியாயமாகச் சொன்னால், இந்த நோய்க்கு முதல் காரணம் புகைபிடிப்பதுதான். பீடியும் சேர்ந்துகொண்டால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

என் பெரியப்பாவுக்குச் சீக்கிரமே தெரிந்ததால் பை தப்பியது. ஸ்கேன் எடுத்தார்கள், சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியில் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு வாரம் ஒருமுறை, ஆறு வாரம், பைக்குள் பிசிஜி மருந்து செலுத்தினார்கள். ஆமாம், குழந்தைகளுக்குக் காசநோய்க்காகப் போடும் அதே பிசிஜிதான். திரும்பி வரக்கூடிய நோய் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா பரிசோதனை. நோய் பையின் தசை வரை பரவியிருந்தால் பெரும்பாலும் பையையே எடுக்க வேண்டியிருக்கும்; கீமோவும் சேரும்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவு இல்லை. பேர் போடாத சாயப் பொடியை வாங்காதீர்கள். பொடி நிறுக்கும்போதும் கலக்கும்போதும் கையுறை, முகக்கவசம் கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். வேலையை விட்டுப் போனவர்களையும் கூப்பிடுங்கள். அப்புறம், ரத்தம் வந்ததாக யாராவது சொன்னால் அன்றைக்கே அரசு மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்கு அனுப்புங்கள். அந்த நாள் கூலியைப் பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
சாயப்பட்டறைத் தெருவில் வளர்ந்த ஒருத்தி