அபியோகுட்டாவின் நீலத் துணி: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அபியோகுட்டா,
ஓகுன் மாநிலம், நைஜீரியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். நீங்களும் சித்தியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. மரவள்ளி, சேனை போன்ற கிழங்கு, வாழை, மிளகாய், பாமாயில் எல்லாம் தாராளமாகக் கிடைக்கின்றன. மழைக்காலமும் நம் ஊரை விட நீளம்.

இந்த ஊர் நீலத் துணியைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். நீலச் சாயம் எடுக்கும் அவுரித் தொட்டியோடு காலம் தள்ளுகிற உங்களிடம் மேலோட்டமாகச் சொல்லிப் பயனில்லை என்பதால் தொழில் விவரமாகவே எழுதுகிறேன்.

1830 வாக்கில் போர்களுக்குத் தப்பி வந்த எக்பா யொரூபா மக்கள் ஒலுமோ பாறையின் அடியில் அமைத்த ஊர் இது. பாறைக்குக் கீழே இத்தோக்கு சந்தை. கடைக்குக் கடை ஆதிரேதான். சாயம் ஏறாமல் சில இடங்களை மறைத்து நீலத்தில் முக்கி எடுக்கும் துணிக்குத்தான் இந்தப் பெயர். சாயம் போடுவது பெண்களின் தொழில். அவர்கள் வேலை செய்கிற இடத்துக்குள் போகிறவர் முதலில் ‘ஏ கு இஷே’ என்று சொல்ல வேண்டும். உழைப்பவருக்கான வணக்கம் அது. பெரியவர் என்றால் பெண்கள் முழங்கால் மடித்து வணங்குவார்கள், ஆண்கள் தரையில் விழுந்து வணங்குவார்கள். இதைச் செய்யாமல் கேள்வி கேட்டால் பதில் வராது.

இவர்களுடைய நீலம் அவுரியில் வருவதில்லை. ஏலூ என்கிற கொடியில் வருகிறது. அவரைக் குடும்பந்தான், ஆனால் மரத்தில் ஏறிப் படரும் பெரிய கொடி. நாம் தழையை ஊறவைத்து, அடித்து, வண்டலை இறக்கிக் கட்டியாக்குகிறோம். இவர்கள் இளந்தழையை உரலில் போட்டுக் கறுக்கும்வரை இடித்து, உருண்டை பிடித்து வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்த உருண்டை மாதக்கணக்கில் கெடாது. தழையோடு சேர்ந்தே பானைக்குள் போவதால் துணியில் சக்கை ஒட்டும். ஒவ்வொரு முறையும் உதறித்தான் காயப்போட வேண்டும்.

காரத்துக்குச் சுண்ணாம்பு கிடையாது, சாம்பல் நீர்தான். விறகுச் சாம்பலும் கோகோ காய்த் தோலின் சாம்பலும் சேரும். சாம்பலை நனைத்து உருட்டிச் சூளையில் மறுபடி சுடுகிறார்கள். பிறகு அடியில் துளையிட்ட பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்ற, கீழ்ப்பானையில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. மூத்த பெண்கள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தே அதன் உறைப்பை அறிவார்கள். காரம் குறைந்தால் நீலம் கரையாது, துணி சாம்பல் பூத்தாற்போல் வெளிறி வரும். கூடினால் புளிப்பு நின்றுவிடும், கையும் வெந்துபோகும்.

உருண்டைகளை உடைத்துச் சாம்பல் நீரில் போட்டு, மூடி, மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை புளிக்கவிடுகிறார்கள். மேலே செம்பு நிற ஏடு படிந்தால் பானை தயார். துணி மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வந்து காற்றுப் பட நீலமாவது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். கருநீலம் வேண்டுமானால் பலமுறை முக்கிக் காற்றாட விட வேண்டும்.

பானைக்கு ஒரு தெய்வமும் உண்டு. இயா மாப்போ என்று பெயர். மண்பானை வனைதல், சாயம் போடுதல் போன்ற பெண்களின் தொழில்களுக்குக் காவல். இன்று இந்த ஊரில் பெரும்பாலோர் இஸ்லாமியர் அல்லது கிறிஸ்தவர். ஆனாலும் சாயப் பானை கெட்டுப்போனால் அந்தத் தாயின் மனம் கோணியதாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. இதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. புளிக்கிற பானை உயிருள்ள பொருள். அதற்கு மரியாதை கொடுப்பவள்தான் தினமும் மூடியைத் திறந்து பார்ப்பாள்.

நீங்கள் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நீலத்தை அல்ல, கஞ்சியை. கட்டிப் போடும் சாயம் இங்கேயும் உண்டு. ஓனிகோ என்பது ராஃபியாப் பனை நாரால் கூழாங்கல்லையோ விதையையோ உள்ளே வைத்து இறுக்கிக் கட்டுவது. அலாபெரே என்பது ஊசியால் நெருக்கித் தைப்பது. தையலைப் பிளேடால் பிரிக்கும்போது துணி கிழிவதுதான் அதில் பெரிய நஷ்டம். ஆனால் கஞ்சியால் வரைந்து சாயத்தை மறைக்கும் எலேகோ தனி.

புளிக்கவைத்துக் காயவைத்து அரைத்த மரவள்ளி மாவுக்கு இங்கே லாஃபூன் என்று பெயர். அதைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, படிகாரமும் துருசு என்கிற மயில்துத்தமும் சேர்த்துக் கிண்டிக் காய்ச்சுகிறார்கள். படிகாரம் கஞ்சியைத் துணியில் பிடித்து நிறுத்தும். துருசு பூஞ்சை வராமல் காக்கும். ஆறியதும் நல்ல துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு சிறு கட்டி இருந்தாலும் கோடு அறுந்துவிடும். கோழி இறகின் முனையைக் கஞ்சியில் தொட்டு நேரடியாக வரைகிறார்கள். தென்னை ஈர்க்கைப் போன்ற பனை ஈர்க்கும் உதவும். கை பழகிய பெண் முன்கூட்டிக் கோடு போடுவதே இல்லை. துணியை மேசையில் விரித்து, கட்டங்களாக மடித்து, மடிப்பு வரியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே போவாள். இறகால் வரைவதில் இபாதான் நகரத்துப் பெண்கள் பெயர் பெற்றவர்கள். அபியோகுட்டாவில் ஆண்கள் தகரத் தகட்டை வெட்டி அச்சு செய்தார்கள். தகட்டை வைத்துக் கஞ்சியை இழுத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

கஞ்சி ஒரு பக்கம் மட்டுமே. நன்றாகக் காய்ந்த பிறகுதான் பானைக்குப் போகும். பானை குளிர்ந்திருக்க வேண்டும், சூடு இருந்தால் கஞ்சி இளகிவிடும். முக்கி எடுத்த துணியைப் பிழியவே கூடாது, தொங்கவிட்டு வடியவிட வேண்டும். பிழிந்தால் கஞ்சி வெடித்து, விரிசல் வழியே நீலம் புகும். கடைசியில் கஞ்சியைச் சுரண்டி உதிர்த்து, அலசி, மரக்கட்டையால் அடித்து மினுமினுப்பு ஏற்றுகிறார்கள். கஞ்சி இருந்த இடம் சுத்த வெள்ளையாக வராது, பின்பக்கம் ஊறிய சாயத்தால் இளநீலமாக நிற்கும். அந்த இளநீலந்தான் எலேகோவின் அழகு.

இரண்டரை கஜ வெள்ளைத் துணி இரண்டைச் சேர்த்துத் தைத்தால் ஒரு பெண் உடுத்தும் அளவு. வடிவங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கடல் தெய்வத்தின் பெயரில் ஒலோகுன். இபாதானைப் புகழும் இபாதான்துன் என்ற வடிவத்தில் 1929இல் திறந்த மாப்போ மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே கரண்டிகளை வரைவார்கள். 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு ராஜா ராணி உருவத்தோடு ஒலோபா வந்தது. ஊரில் நடப்பது உடனே துணிக்கு வந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

1930களில் இந்தத் தொழில் தடுமாறியது. செயற்கை நீலமும், சாம்பல் நீருக்குப் பதிலாகக் காஸ்டிக் சோடாவும் வந்து வேலை நேரம் சுருங்கியது. சரக்கின் தரம் போச்சு என்று குறை எழுந்தது. ஊர் அரசரான அலாக்கே இரண்டையும் தடை செய்தார். சாயக்காரப் பெண்கள் வாய் மூடி இருக்கவில்லை, வழக்கறிஞர் வைத்துப் போராடினார்கள். 1936இல் விசாரணைக் குழுவே உட்கார்ந்தது. இன்று சந்தையில் கிடைப்பதில் பெரும்பங்கு, மெத்தை ஸ்பாஞ்சில் வெட்டிய அச்சால் சூடான மெழுகு ஒற்றி, ரசாயனச் சாயத்தில் முக்கி எடுத்தது. அதுவும் கைவேலைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆதிரே மாதிரி அச்சடித்து இறக்குமதியாகும் மில் துணிதான் இவர்கள் வயிற்றில் அடிக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம்: துணியைத் திருப்பிப் பாருங்கள். மில் துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும். கஞ்சித் துணியின் பின்பக்கம் முன்பக்கத்தை விடக் கருநீலமாக இருக்கும். பூவுக்குப் பூ மயிரிழை மாறாமல் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஓஷோக்போ ஊரில் நிக்கே டேவிஸ் ஒக்குண்டாயே என்ற கலைஞர் ஆதிரே கற்றுத்தரும் மையம் நடத்துகிறார். அவர் இல்லையென்றால் இறகு பிடிக்கும் இளையவர்கள் இன்னும் குறைந்திருப்பார்கள். அதே ஊரில்தான் ஒஷுன் நதித் தெய்வத்தின் புனித வனம், 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆகஸ்டில் திருவிழா. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இப்போது நீங்கள் செய்து பார்க்க: ஒரு பங்கு மரவள்ளி மாவு, ஏழு பங்கு தண்ணீர், சிட்டிகை படிகாரம், அதைவிடக் குறைவாகத் துருசு. தோசை மாவுப் பதம் வரட்டும். தண்ணீராக இருந்தால் கோடு பரவும், கெட்டியானால் காய்ந்து வெடிக்கும். முதலில் கைக்குட்டை அளவுத் துணியில் பாருங்கள். கஞ்சி போடப்போகும் துணியில் பழைய மில் கஞ்சி இருக்கக் கூடாது, கொதிக்கவைத்து அலசிவிடுங்கள். உங்கள் தொட்டி வெதுவெதுப்பாக இருக்கும் நாளில் முக்க வேண்டாம். துருசு விஷம், அது பட்ட சட்டியும் கரண்டியும் திரும்ப அடுப்படிக்குள் வரக்கூடாது என்று சித்தியிடமும் சொல்லிவிடுங்கள். எந்த இடத்தில் கோடு கலைந்தது என்று எழுதினால், இங்கே பெரியவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்