மல்லிகாவுக்கு, இங்கிலாந்தின் டட்லியிலிருந்து

அன்புள்ள மல்லி,

திட்டாதே. பொங்கலுக்கு நீ எழுதியதற்கு ஆடியில் பதில் போடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் இந்த ஊர்க்காரன் மாதிரியே இங்கிலீஷ் பேசுகிறான், எனக்குப் பாதி புரிவதில்லை. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீடு பார்த்து, விலை பேசி, வக்கீல் வரை போய்விட்டோம். இந்தப் பக்கம் வீடு வாங்கினால், பக்கத்தில் பழைய சுரங்கம் ஏதும் இருக்கிறதா என்று சொல்லும் சுரங்க அறிக்கை ஒன்று எடுப்பார்கள். அது வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தோட்டத்து வேலியிலிருந்து 14 மீட்டரில் பழைய சுரங்கக் குழி ஒன்று இருக்கிறதாம். அதை மூடினார்களா, எதைப் போட்டு மூடினார்கள் என்று ஒரு குறிப்பும் இல்லை. கடன் தருவதாகச் சொன்ன வங்கி இப்போது "பரிசீலிக்கிறோம்" என்கிறது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நெய்வேலியில் வளர்ந்த நமக்கா தெரியாது?

இந்த ஊரின் அடிவயிறே காலி, மல்லி. டட்லி, டிப்டன், வால்சால் என்று இந்த வட்டாரத்துக்கே 'கறுப்பு நாடு' என்றுதான் பெயர். முப்பது அடி தடிமனில் நிலக்கரி கிடைத்ததாம். கரி, இரும்புக்கல், சுண்ணாம்புக்கல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் கொடுக்க வேண்டும் என்ற சட்டமே 1872-இல்தான் வந்தது. அதற்கு முந்தையது எங்கே எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்? நிலக்கரிச் சுரங்கத்தால் வீடு இறங்கினால் சரிசெய்து தர 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சுண்ணாம்புச் சுரங்கத்தால் இறங்கினால் அந்தச் சட்டம் உதவாது. விரிசல் விடும்போது சுவர் சொல்லுமா, நான் எதனால் விரிகிறேன் என்று?

இவர் வேறு கிண்டல். மாவட்ட எல்லை தாண்டியவுடன் ஹிம்லியில் ஒரு பப் இருந்தது. சுரங்கத்தால் ஒரு பக்கம் இறங்கி, கோணலாக நின்றே பேர் வாங்கிய கட்டடம். 2023 ஆகஸ்டில் தீப்பிடித்தது, இரண்டு நாளில் இடித்தும் தள்ளிவிட்டார்கள். "நம் வீடும் சாய்ந்தால் டிக்கெட் போடலாம்" என்கிறார். இவரைப் பற்றி உன் அண்ணன் அப்போதே எச்சரித்தார், நான்தான் கேட்கவில்லை!

உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். 1712-இல் டட்லி கோட்டைக்குப் பக்கத்தில் நியூகாமன் என்பவர் நீராவி இயந்திரம் ஒன்றை வைத்தார். எதற்கு? சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க. அதன் மாதிரியை இங்கே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நம் சுரங்கத்தில் ராத்திரி பகலாகப் பம்ப் பார்த்த உன் அப்பா இருந்திருந்தால், அதன் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் ரவுண்ட் ஓக் இரும்பாலைத் தாத்தாக்கள் வருவார்கள். ஆலை 1982 டிசம்பரில் மூடியதை, வீட்டில் ஒரு சாவு விழுந்த நாள் மாதிரி சொல்வார்கள். அந்தப் பக்கம் இப்போது மெர்ரி ஹில் என்று பெரிய ஷாப்பிங் சென்டர். நானும் அங்கேதான் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்குகிறேன். தாத்தாக்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மாத்திரை கொடுப்பேன். ஒரு நாள் நம் ஊரிலும் கரி தீரும் இல்லையா? அப்போது பிளாக் பிளாக்காக இருக்கும் அந்த வீடுகளெல்லாம் என்ன ஆகும்? நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன சனிக்கிழமை டிவிடேல் பாலாஜி கோயிலுக்குப் போய், அங்கே முருகனிடமும் முறையிட்டு வந்தேன். பெருமாள் கடன் வாங்கியவர், அவருக்காவது என் கஷ்டம் புரியும்.

அண்ணாவிடம் கேட்டு எழுது. மூடினார்களா என்றே தெரியாத குழி 14 மீட்டரில் இருந்தால் துளை போட்டுப் பார்க்கச் சொல்லலாமா, அதை யார் செலவில் கேட்பது? வீட்டை விற்கிறவர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பாராம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு மாதிரி இதையும் அடியில் வைத்துவிடாதே.

உன்,
சாந்தி