சைக்கிள் பாதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நானும் முட்டுக்காடு வரை போவதுண்டு. பாலத்தின் மேல் காற்றை எதிர்த்து மிதிப்பது தனி சுகம். ஆனால் சைக்கிள் பாதை என்று பேச்செடுத்தாலே எல்லோர் கண்ணும் எங்கள் கூட்டத்தின் மேல்தான் போகிறது.

வார நாளில் அடையாறு, திருவான்மியூர் பக்கம் பாருங்கள். பின்னால் 20 லிட்டர் தண்ணீர் கேன் கட்டியவர், இரவுக் காவல் முடிந்து திரும்புகிறவர், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள். இவர்களுக்குக் காலிச் சாலை ஏது? பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நெருக்கும் இடது ஓரம்தான். அங்கே மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். கம்பி குறுக்காக வரும்படி மூடியைப் போட்டால் தீர்ந்தது. தார் மேலே மேலே ஏற, மூடி மட்டும் பள்ளத்தில் கிடப்பது இன்னொரு தொல்லை.

நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. நடப்பவர்களுக்குப் பாண்டி பஜார் கடைவீதியில் அகலமான நடைபாதை கிடைத்தது, சரி. சைக்கிளுக்கு வெறும் வண்ணக்கோடு போட்டால் மறுநாளே அதில் கார் நிற்கும். கார் ஏற முடியாத உயரத்தில் தடுப்புக்கல் வையுங்கள். அப்புறம், பறக்கும் ரயில் நிலைய வாசலில் சைக்கிளைப் பூட்டி வைக்க நாலு இரும்புக் கம்பியாவது நட்டுக் கொடுங்கள்.

– ஒரு வாசகர், திருவான்மியூர், சென்னை