பரசுராமாவும் ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானப்படை நாளையொட்டி 12-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், டெல்லியை அடுத்த ஹிண்டன் விமானத் தளத்தில் இருக்கும் 'பரசுராமா' என்ற டகோட்டா போக்குவரத்து விமானம்தான் 1947 அக்டோபர் 27-ல் காஷ்மீரைக் காக்கப் படையினரோடு ஸ்ரீநகரில் முதலில் இறங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறு விமானம். பிரிட்டனில் தனியாரிடம் கிடந்து, செப்பனிடப்பட்டு, 2018-ல் அன்பளிப்பாக வந்தது. ஸ்ரீநகர் விமானத்தின் நினைவாக விபி 905 என்ற எண்ணை அதன் வாலில் தீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரே நாளில் ஒரு பட்டாலியனையே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள் என்று எழுதியதும் மிகை. அன்று போய்ச் சேர்ந்தது சீக்கிய ரெஜிமென்டின் முதல் பட்டாலியனில் ஒரு பகுதிதான். ஸ்குவாட்ரன் தலைவர் விங் கமாண்டர் கே.எல். பாட்டியாவின் ஆட்களுக்குத் துணிச்சலில் குறையில்லை. கணக்குதான் இடம் கொடுக்கவில்லை. டகோட்டாவின் வழக்கமான எடை வரம்பு சுமார் 11,800 கிலோ. வெற்று விமானமே 8,100 கிலோ. விமானிகள், எண்ணெய், கருவிகள் என்று 500 கிலோ போய்விடும். ஸ்ரீநகரில் அன்று பெட்ரோல் நிரப்ப வழியில்லை. போகவர ஏறத்தாழ 1,300 கிலோமீட்டருக்கான பெட்ரோலை டெல்லியிலேயே நிரப்பியாக வேண்டும். இருப்பும் சேர்த்தால் அது 1,850 கிலோ. மிச்சம் 1,350 கிலோ. துப்பாக்கி, தோட்டா, கம்பளியோடு ஒரு சிப்பாய்க்கு 90 கிலோ போட்டால் 15 பேர். விமானத்தில் 28 இருக்கைகள் இருந்தன என்பதால் 28 பேர் போயிருப்பார்கள் என்று நினைக்கக் கூடாது. போர்க்காலத்தில் வரம்பை மீறி ஏற்றுவது உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் எடைக்கு ஓடுபாதையில் கூடுதல் நீளம் வேண்டும்.

சரக்கு ஏற்றுவது இன்னொரு தலைவலி. டகோட்டா வால் சக்கரத்தில் சாய்ந்து நிற்கும் விமானம். கதவோ பின்பக்கம், இடது புறத்தில். கனமான பெட்டிகளை அங்கிருந்து மேட்டில் தள்ளுவதுபோல் முன்னே கொண்டுபோய், தரை வளையங்களில் இறுக்கிக் கட்ட வேண்டும். ஏறும்போது கட்டு அவிழ்ந்து சரக்கு பின்னால் சரிந்தால் மூக்கு தூக்கி, வேகம் செத்து, விமானம் விழும். அந்த உயரத்தில் மீட்க நேரமிருக்காது.

கட்டுரையில், காஷ்மீரின் பூஞ்ச் ஊருக்குப் பறந்த கதை ஒரே வரியில் முடிந்துவிட்டது. என்னைக் கேட்டால் ஸ்ரீநகரைவிட அதுதான் கடினமான வேலை. முற்றுகைக்குள் இருந்த ஊரில் படையினரும் அகதிகளும் சேர்ந்து போட்ட ஓடுபாதை சுமார் 600 கெஜம். 1947 டிசம்பரில் ஏர் கமடோர் மெஹர் சிங் முதலில் இறங்கிக் காட்டினார். பிறகு மலைப் பீரங்கிகளைக்கூட அதே வழியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முற்றுகை உடைந்தது 1948 நவம்பரில். அதுவரை அந்த ஊருக்கு விமானம்தான் வழி.

1948 மே 24-ல் அதே மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவை உடன் வைத்துக்கொண்டு லடாக்கின் லே நகரில் இறங்கினார். காற்றழுத்தம் காக்கும் வசதி இல்லாத விமானத்தில் 23,000 அடி வரை ஏறிப் போனார்கள். சுமையோடு ஒற்றை எஞ்சினில் டகோட்டா 10,000 அடிக்கு மேல் தாக்குப்பிடிப்பது அரிது. லே போகும் வழியிலுள்ள சோஜி லா கணவாயே 11,500 அடிக்கு மேல். வழியில் ஓர் எஞ்சின் நின்றால் திரும்ப இடமில்லை. லேயில் இறங்கிய பின்னும் எஞ்சினை அணைக்காமல்தான் சரக்கை இறக்குவார்கள். குளிரில் எண்ணெய் இறுகிவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

இறங்க இடமில்லாத ஊர்களுக்கு மூட்டையாகப் போட்டார்கள். பாராசூட் இல்லாமல் தள்ளும் அரிசிக்கு இரட்டைச் சாக்கு: உள் சாக்கு தைத்தது, வெளிச் சாக்கு அதைவிடப் பெரியது, தொளதொளவென்று இருக்கும். விழுந்த அதிர்ச்சியில் உள் சாக்கு கிழியும், அரிசி வெளிச் சாக்கில் தங்கும். இறுக்கமான ஒரே சாக்கென்றால் மலையெல்லாம் அரிசிதான். குறுகிய பள்ளத்தாக்கில் ஒரு சுற்றுக்குச் சில மூட்டைகளே தள்ள முடியும். கதவருகே நிற்பவர் அரை நொடி தாமதித்தால் மூட்டை எதிரி கைக்குப் போகும். ஸ்கர்டுவில் பள்ளத்தாக்கு டகோட்டாவுக்கு வசப்படாமல் டெம்பெஸ்ட் போர் விமானங்களில் சரக்கு அடைத்த உருளைகளைத் தொங்கவிட்டுப் போட வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. 12-வது ஸ்குவாட்ரன் டகோட்டாவை விட்டு நேரே ஆன்டனோவ்-32 போக்குவரத்து விமானத்துக்கு மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். நடுவில், 1954 முதல், அந்த ஸ்குவாட்ரன் பேக்கெட் என்ற போக்குவரத்து விமானங்களை ஓட்டியது. மலை உயரத்தில் அதன் இரு பிஸ்டன் எஞ்சின்கள் திணறியதால் முதுகில் ஒரு ஜெட் எஞ்சினை ஏற்றிவைத்தார்கள். ஏறும்போது அது கைகொடுக்கும். ஸ்குவாட்ரன் தொடங்கியதும் போக்குவரத்துப் பிரிவாக அல்ல. 1945 டிசம்பர் 1-ல் கோஹாட்டில் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களோடு தொடங்கி, மறு ஆண்டுதான் டகோட்டாவுக்கு மாறியது. இணையப் பதிப்பிலாவது இவற்றைத் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தாம்பரம்