வயலில் இருந்து தொடங்கு, கயல்

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி உன்னைப் பற்றி நீ எழுதி அனுப்பிய அறிமுகத்தை மூன்று தடவை படித்தேன். "கணினி அறிவியலையும் உயிரியலையும் இணைத்து ஆய்வு செய்யும் மாணவி" என்று ஆரம்பித்திருக்கிறாய். தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் நீ சேர்ந்திருக்கிற துறை தெரிகிற அளவுக்கு நீ தெரியவில்லை. கம்ப்யூட்டர்காரர்கள் உயிரியல் பெண் என்கிறார்கள், உயிரியல்காரர்கள் புரோகிராம் எழுதுகிற பெண் என்கிறார்கள், நான் எந்தப் பக்கம்மா என்று போன வாரம் போனில் கேட்டாயே, அந்தக் கலக்கம் முதல் வரியிலேயே இருக்கிறது.

25 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், நம் வயலில் இருந்து தொடங்கு.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்தபோது உனக்கு நாலு வயது. தண்ணீர் வடிந்து கொஞ்ச நாள் கழித்து தாத்தா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வேளாங்கண்ணிப் பக்கத்து வயலுக்குப் போனார். மண் காய்ந்து வரப்போரமெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடந்தது, நீ அதைக் கிள்ளி வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். அப்புறம் தாத்தா குழியடிச்சான் விதைநெல் தேடி ஊர் ஊராக அலைந்தார். உப்பேறிய களர் நிலத்திலும் தாங்கும் என்று நாகை பக்கத்தில் அந்தக் காலத்திலிருந்தே போடுகிற நெல் அது. ஏன் தாங்குகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீ அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறாய்?

போன லீவில் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குப் புரிய வைத்தாயே. உப்புத் தண்ணீரில் சோடியம் செடிக்குள் ஏறி, பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கேரளத்துப் பொக்காளி நெல்லில் முதல் குரோமோசோமின் ஒரு பகுதி அதைச் சமாளிக்க உதவுகிறது. நெல்லின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் மொத்த டிஎன்ஏ, கிட்டத்தட்ட 40 கோடி எழுத்து, இரண்டு ரகத்தைக் கண்ணால் ஒப்பிட்டு முடிக்க ஆயுசு போதாது, அதற்குத்தான் கணினி. அது காட்டுகிற இடம் சரிதானா என்று நாற்றை உப்புத் தண்ணீரில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதை இப்படியே சொல், எந்தப் பக்கம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜி. என். ராமச்சந்திரன் இயற்பியல்காரர்தானே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும் என்று கணக்குப் போட்டு 1963இல் வெளியிட்ட படத்தை வைத்துத்தான் இன்றைக்கும் புதுப் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள். அவர் பிறகு போய் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கியதும் நீ இருக்கிற பெங்களூரில்தான். ஒரு நாள் அந்தப் பக்கம் போய்விட்டு வா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்தி வீட்டுக் கல்யாணத்தில் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களிடம் "கம்ப்யூட்டர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். நீ பக்கத்தில்தான் நின்றாய், உன் முகம் வாடியதைப் பார்த்தேன். மன்னித்துவிடு. இப்போது யார் கேட்டாலும் தாத்தா வயலில் இருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

சரி, மாற்றி எழுதி அனுப்பு, எவ்வளவு நேரமானாலும் முழித்திருந்து படிக்கிறேன். தாத்தா வைத்துவிட்டுப் போன குழியடிச்சானில் ஒரு பிடி துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அம்மா